ஊட்டிக்கு ஈ.டி. கணக்குப் போடுவது எப்படி? உயரமும் சூடாகும் வானிலையும்

மண்ணிலிருந்து ஆவியாகும் நீரும் இலை வழியே போகும் நீரும் சேர்ந்ததுதான் ஈ.டி. சமவெளிக்குப் போட்ட எக்செல் தாளில் ஊட்டி வெப்பநிலையைத் திணித்தால் விடை குறைவாக வரும். எங்கே, ஏன் என்று பார்ப்போம். சூத்திரம் பென்மன்-மான்டீத், ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓ. 1998-இல் வெளியிட்ட 56-ஆம் கையேட்டில் இருக்கும் அதே வடிவம்.

முதல் முறை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் போடுங்கள். பைத்தான் நூலகங்கள் ஒரே வரியில் முடித்துவிடும். ஆனால் உயரம் எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்பது கண்ணில் படாது.

படி 1: காற்றழுத்தம். உயரத்தை 0.0065-ஆல் பெருக்கி 293-இலிருந்து கழியுங்கள். அதை 293-ஆல் வகுத்து, 5.26-ஆம் அடுக்குக்கு ஏற்றி, 101.3-ஆல் பெருக்குங்கள். ஊட்டிக்கு (2,240 மீ) சுமார் 77.5 கிலோபாஸ்கல். இதை 0.000665-ஆல் பெருக்கினால் காமா (சூத்திரத்தில் காற்றழுத்தத்தைக் கொண்டுவரும் மாறிலி): 0.0515. கடல்மட்டத்தில் அது 0.067.

படி 2: கதிர்வீச்சு. தெளிந்த வானத்துக் கதிர்வீச்சின் குணகம் 0.75, அதோடு உயரத்தின் 0.00002 மடங்கைக் கூட்டுங்கள். ஊட்டிக்கு 0.795.

படி 3: வானிலைத் தரவு. சொந்த வானிலை நிலையம் இல்லாதவர்களுக்கு ஈ.ஆர்.ஏ.5-லேண்ட் (உலகைக் கட்டங்களாகப் பிரித்துத் தரும் ஐரோப்பிய வானிலைத் தரவு) போதும். வெப்பநிலை கெல்வினில் வரும். காற்றின் வேகம் 10 மீட்டர் உயரத்துக்கானது; 0.748-ஆல் பெருக்கினால் 2 மீட்டருக்கு வந்துவிடும்.

படி 4: கட்டத்தின் உயரம். நிதானமாகச் செய்ய வேண்டியது இதுதான். இந்தத் தரவின் ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். நீலகிரிச் சரிவில் அதற்குள் மேட்டுநிலமும் பள்ளத்தாக்கும் சேர்ந்தே விழுந்துவிடும். தரவோடு வரும் ஜியோபொட்டென்ஷியலை (உயரத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கிய எண்) 9.80665-ஆல் வகுத்தால் கட்டத்தின் உயரம் தெரியும். 1,700 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இடம் 540 மீட்டர் மேலே. கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் சுமார் 3.5 டிகிரி குறைக்க வேண்டும்: தரவில் 18.5 என்று இருந்தால் அது 15 ஆகும்.

இதோடு நிறுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். தரவில் இருக்கும் பனிநிலை (காற்றிலுள்ள நீராவி பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 16 டிகிரி என்றால், அது அப்படியே நிற்கிறது. காற்றின் வெப்பநிலையோ 15. அதாவது காற்று தாங்கக்கூடியதைவிட அதிக நீராவி அதில் இருப்பதாகக் கணக்கு சொல்கிறது. ஆவியழுத்தப் பற்றாக்குறை (காற்று தாங்கக்கூடிய நீராவியின் அழுத்தத்துக்கும் இப்போது இருப்பதற்கும் உள்ள இடைவெளி) மைனஸ் 0.11. அதைப் பூஜ்யம் என்று திருத்தி ஒப்பேற்றாதீர்கள். திருத்துவதற்கு முந்தைய 18.5, 16 இரண்டிலிருந்தும் ஈரப்பதத்தைக் கணக்கிடுங்கள் (சுமார் 85 சதவீதம்). அதையே 15 டிகிரிக்கும் வைத்தால் பற்றாக்குறை 0.25 கிலோபாஸ்கல். ஒவ்வொரு நாளும் ஈரப்பதம் உயரத்தோடு மாறாமலே இருக்கும் என்பதில்லை; ஆனாலும் மைனஸைவிட எவ்வளவோ தேவலை.

படி 5: விடை. ஒரு மாதிரி நாள்: 15 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம், காற்று நொடிக்கு 2 மீட்டர், நிகரக் கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு 10 மெகாஜூல். இவற்றைச் சூத்திரத்தில் போட்டால் ஒரு நாள் ஈ.டி. ஊட்டி காமாவோடு 2.84 மி.மீ.; கடல்மட்டக் காமாவோடு 2.65. குளிர் ஈ.டி.யை இழுத்துப் பிடிக்கிறது, மெலிந்த காற்றோ கொஞ்சம் தள்ளிவிடுகிறது.

படி 6: இரண்டு டிகிரி கூட்டுங்கள். கதிர்வீச்சையும் காற்றையும் தொடாதீர்கள். ஈரப்பதம் 80-லேயே நின்றால் 2.99 மி.மீ., அதாவது 5 சதவீத உயர்வு. பனிநிலை நகராமல் நின்றால் 3.27, 15 சதவீத உயர்வு. அதே இரண்டு டிகிரி, மூன்று மடங்கு வித்தியாசம்! மலைப்பகுதியில் ஈ.டி. இத்தனை சதவீதம் கூடும் என்று யாராவது எழுதினால், ஈரப்பதத்தை என்ன செய்தார்கள் என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

பின்சேர்க்கை: கமென்ட்டில் இருவர் தங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு இந்த எண்ணையே நேராகப் போட்டிருக்கிறார்கள். இது நீர்ப்பஞ்சமில்லாத புல்தரைக்கான ஒப்பீட்டு ஈ.டி. தேயிலைக்குப் பயிர்க் குணகத்தால் (புல்லோடு ஒப்பிட்டால் அந்தப் பயிருக்கு எத்தனை மடங்கு என்ற எண்) பெருக்க வேண்டும். மூடுபனி இலையை நனைத்திருக்கும் காலைகளில் முதலில் போவது இலைமேல் இருக்கும் நீர். அதை வேரிலிருந்து வந்த நீராக எண்ணிப் பாசனத்தைக் கூட்டிவிடாதீர்கள்.