கோப்பையில் மழை: நோவா ஓபராவுக்கு ‘தொங்கு கோப்பை’ செய்வது எப்படி?

ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ‘நோயஸ் ஃப்ளட்’ நோவாவின் ஜலப்பிரளயக் கதை. 1958 ஜூன் 18 அன்று இங்கிலாந்தின் ஆர்ஃபர்டு தேவாலயத்தில் முதன்முதலாக அரங்கேறிய சின்ன ஓபரா, அதாவது இசை நாடகம், இது. தேவாலயத்திலோ பெரிய மண்டபத்திலோதான் நடத்த வேண்டும், நாடக அரங்கு வேண்டாம் என்பது அவர் வைத்த நிபந்தனை. வாத்தியக்காரர்களிலும் பாதிக்கு மேல் பிள்ளைகள். பினாங்கின் ஜார்ஜ்டவுனில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமானது எது?

ரெக்கார்டர் குழல், வயலின் எல்லாம் பள்ளிகளில் கிடைத்துவிடும். மழைத்துளிக்கான வாத்தியம் மட்டும் பினாங்கில் எந்தக் கடையிலும் கிடைக்காது, நாமேதான் செய்ய வேண்டும். அந்த ஓசைக்கு வழி தேடிய பிரிட்டனை, அவருடைய இசை உதவியாளர் இமோஜென் ஹோல்ஸ்ட் தன் வீட்டுச் சமையலறைக்கு அழைத்துப்போய், கயிற்றில் வரிசையாகத் தொங்கிய பீங்கான் கோப்பைகளை மரக்கரண்டியால் தட்ட வைத்தாராம். அதேதான் நாம் செய்யப்போவதும்.

படி 1: கோப்பை

பீங்கான் மட்டும். மண் கோப்பை ‘தட்’ என்று செத்த சத்தம் தரும், எனாமல் குவளை தகரம் போல ஒலிக்கும். காப்பிக் கடைகளில் பச்சைப் பூ போட்டு வருமே, அந்தத் தடித்த கோப்பைகள் சின்னத் துளிக்கு அருமை: தடிமன் கூடினால் சுருதி ஏறும். கீழ் ஒலிக்குப் பெரிய, மெல்லிய மக் வேண்டும். கம்பெனி விருந்துகளில் இலவசமாகக் கொடுத்த மக்குகள் எல்லா வீட்டு அலமாரியிலும் தூங்குகின்றன. சபையில் ஒரு வார்த்தை சொன்னால் குவிந்துவிடும். ஒவ்வொன்றையும் சுண்டிப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் கணீரென்று கேட்காது.

ஸரிகமவுக்குச் சேர்க்க வேண்டிய அவசியமில்லை. கீழிருந்து மேலாக ஏறுவது போலக் கேட்டால் போதும், ஓபராவின் இசைக்குறிப்பும் (ஸ்கோர்) அவ்வளவுதான் கேட்கிறது.

படி 2: கயிறு

பருத்திக் கயிறு. ராஃபியா பிளாஸ்டிக் கயிறு இழுபடும், தூண்டில் நைலான் பிடியில் உரசி ‘ஸ்ஸ்’ என்னும். முடிச்சைத் தளர்வாகப் போடுங்கள். கயிறு கோப்பையின் உடம்பில் படக்கூடாது. கோப்பைகளுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி. துணி காயப்போடும் மூங்கில் கழியை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கட்டினால் ஸ்டாண்டு தயார்.

படி 3: தட்டும் இடம்

என்னை ரொம்பவே அலைக்கழித்தது இதுதான். அதே கோப்பை, அதே கரண்டி, ஆனால் ஒரு தட்டுக்கு ஒரு சுருதி, அடுத்த தட்டுக்கு வேறு சுருதி. கோளாறு பிள்ளைகளின் கையில் இல்லை, கோப்பையின் பிடியில் இருக்கிறது.

கோப்பையின் வாயைக் கடிகார முகமாக வைத்துக்கொள்ளுங்கள்; பிடி 12 மணியில். விளிம்பில் 3, 6, 9 மணி இடங்களில் தட்டினால் ஒரே சுருதி, கொஞ்சம் கீழே. இவற்றுக்கு நட்டநடுவே, அதாவது ஒன்றரை, நாலரை மணி போன்ற இடங்களில் தட்டினால் சுருதி ஏறும். விளிம்பு அதிரும்போது, தட்டிய இடம் உட்பட நான்கு இடங்கள் உள்ளும் வெளியுமாக ஆடும், அவற்றுக்கு நடுவே நான்கு இடங்கள் அப்படி ஆடாது. ஆடும் இடத்தில் பிடி இருந்தால் அதன் கனம் அதிர்வை மெதுவாக்கும். ஆடாத இடத்தில் இருந்தால் பிடி இருப்பதே தெரியாது. மேசையில் ஒரு மக்கை வைத்துச் சுற்றிலும் தட்டிப் பாருங்கள், உடனே புரியும்.

ஒற்றைக் கயிற்றில் தொங்கும் கோப்பை ஒவ்வொரு தட்டுக்கும் திரும்பிக்கொள்ளும். அதனால் பிடியிலிருந்து இரண்டு கயிறுகளைக் கவட்டை போல விரித்துக் கழியில் கட்டுங்கள். வாய் எப்போதும் வாசிப்பவரைப் பார்த்தே நிற்கும். அப்புறம் 6 மணி இடத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு. சின்னப் பிள்ளையும் தவறாமல் தட்டும்.

படி 4: கரண்டி

சிறிய மரக்கரண்டி. லிட்டில் இந்தியா பாத்திரக் கடைகளில் தேடுங்கள். எஃகுக் கரண்டி வேண்டவே வேண்டாம். அது மழையாகக் கேட்காது, டீ கலக்குவது போலத்தான் கேட்கும். மணிக்கட்டு தளர்வாக, விளிம்பைத் தொட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். புயலுக்கு முன் முதல் துளிகள் இந்தக் கோப்பைகளில்தான் விழுகின்றன. புயல் உச்சத்துக்குப் போகும்போது சபையார் எல்லாரும் எழுந்து கீர்த்தனை பாடுவார்கள். அந்த நேரத்தில் கோப்பையின் ஒலி யாருக்கும் கேட்காது, ஓங்கி அடித்து உடைக்காதீர்கள்.

சேர்க்கை: ஜலதரங்கம் போலத் தண்ணீர் ஊற்றிச் சுருதி சேர்க்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் சுருதியை இறக்கும் என்பது சரிதான். ஆனால் பக்கவாட்டில் தொங்குகிற கோப்பையில் அது எங்கே நிற்கும்? கீழ் ஒலி போதவில்லையென்றால் இன்னும் பெரிய மக்காகத் தேடுங்கள்.

இன்னொரு சேர்க்கை: பட்டர்வொர்த்திலிருந்து எழுதிய ஒருவர், கழியோடு காரில் ஏற்றியதில் பாதி கோப்பைகள் விளிம்பு உடைந்துவிட்டன என்கிறார். கோப்பைகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் பழைய நாளிதழில் சுற்றி, மண்டபத்துக்குப் போய்க் கட்டுங்கள். கழற்றும் முன் கோப்பையின் அடியில் வரிசை எண் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் அங்கே போய் மறுபடி தட்டித் தட்டி அடுக்க வேண்டிவரும்.