ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்க: யூனிவர்சிட்டி லிஸ்ட் அப்புறம், முதலில் பேப்பர்

ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போகலாம் என்று முடிவெடுத்த அன்று ராத்திரியே எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு, எந்த யூனிவர்சிட்டி நல்லது என்று தேடி ஒரு எக்செல் ஷீட் போடுவது. நானும் போட்டேன். நாற்பது வரிசை, ஏழு கலர். அதில் பாதிக்கு மேல் எனக்கு ஒத்தே வராது என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த மூன்று மாதத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டிய பேப்பர் ஒன்றுகூட என் கையில் இல்லை. அதனால் இதைத் தலைகீழாகவே சொல்கிறேன். எந்தக் காகிதம் வர நாளாகுமோ அதை முதலில் தொடங்குங்கள். லிஸ்ட்டை அந்தக் காகிதத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் போடலாம். (இது டிகிரி முடித்துவிட்டு மாஸ்டர்ஸுக்குப் போகிறவர்களுக்கு. பிளஸ் டூ முடித்து நேராகப் போவது வேறு கதை, அதன் விதிகளே வேறு.)

முதல் வேலை, பாஸ்போர்ட்டை எடுத்து உங்கள் பெயரைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற தலைவலி இது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘கார்த்திக் எஸ்’ என்று இருக்கும், டிகிரியில் ‘எஸ். கார்த்திக்’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் சுப்ரமணியன்’ மொத்தமாக ஒரே கட்டத்தில் ஏறி, குடும்பப் பெயர் கட்டம் காலியாகக் கிடக்கும். ஜெர்மன் படிவம் எதை எடுத்தாலும் குடும்பப் பெயர் கேட்கும், காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாது. அப்பா பெயர்தான் என் குடும்பப் பெயர் என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. இதற்கு நான் கண்ட ஒரே வழி, பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதையே எழுத்து மாறாமல் எல்லா இடத்திலும் போடுவது. குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் பாஸ்போர்ட்டை ரீஇஷ்யூ பண்ணி அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் நீட்டலாம். நான் ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வுக்குப் பதியும்போது பழக்க தோஷத்தில் குடும்பப் பெயர் இடத்தில் ஒற்றை எழுத்து இனிஷியலைத் தட்டிவிட்டேன். மார்க் நன்றாக வந்தது, ஆனால் அந்த ஒற்றை எழுத்துக்கு விளக்கம் கொடுத்து நான் எழுதிய மெயில்கள் எண்ணிக்கையில் பதினொன்று.

அடுத்தது ஏபிஎஸ் சான்றிதழ். உங்கள் மார்க் ஷீட்டும் டிகிரியும் உண்மையானவைதான், ஜெர்மனியில் படிக்க உங்களுக்குத் தகுதி இருக்கிறது என்று டெல்லியில் இருக்கிற ஏபிஎஸ் அலுவலகம் சரிபார்த்துத் தருகிற காகிதம் அது. 2022 நவம்பர் 1 முதல் இந்தியாவில் படித்தவர்கள் ஸ்டூடண்ட் விசாவுக்குப் போகும்போது இது கட்டாயம், பெரும்பாலான யூனிவர்சிட்டிகள் விண்ணப்பத்தோடேயே கேட்கிறார்கள். கட்டணம் 18,000 ரூபாய். ஒரு தடவை வாங்கினால் போதும், காலாவதி ஆகாது, எத்தனை யூனிவர்சிட்டிக்கு வேண்டுமானாலும் அதையே காட்டலாம். ஆனால் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும், சீசனில் எல்லோரும் ஒன்றாகப் போய் விழுந்தால் மாதக்கணக்கிலும் இழுக்கும். கடைசி வருடத்தில் இருப்பவர்களும் விண்ணப்பிக்க வழி இருக்கிறது, எத்தனை செமஸ்டர் மார்க் ஷீட் வேண்டும் என்பது அவர்களுடைய செக்லிஸ்ட்டில் இருக்கும், அதை வரிக்கு வரி படித்து அதே வரிசையில் அடுக்குங்கள்.

அதற்குள் காலேஜ் எக்ஸாம் செல்லுக்கு ஒரு நடை போய்விட வேண்டும், ஒரே நடையில் எல்லாம் கிடைத்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். டிரான்ஸ்கிரிப்ட், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், டிகிரி வரவில்லை என்றால் ப்ரொவிஷனல், ஆங்கிலத்தில்தான் படித்தேன் என்பதற்கு ஒரு கடிதம். இவற்றோடு பாதிப் பேர் கேட்க மறக்கிற ஒன்று, உச்சபட்ச கிரேடு எவ்வளவு, பாஸ் ஆவதற்குக் குறைந்தபட்ச கிரேடு எவ்வளவு என்று காலேஜ் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். மார்க் ஷீட்டின் பின்பக்கமே அச்சடித்திருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்தால் போதும்.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், ஜெர்மனியில் கிரேடு நம்முடையதற்கு நேர் எதிர், 1.0 தான் உச்சம், 4.0 என்றால் தட்டுத் தடுமாறி பாஸ். நம் கிரேடை அங்கே மாற்றுவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், பவேரியன் ஃபார்முலா என்பார்கள். உச்ச கிரேடிலிருந்து உங்கள் கிரேடைக் கழியுங்கள், அதை உச்ச கிரேடுக்கும் பாஸ் கிரேடுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள், மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். பத்துக்கு 7.5 சிஜிபிஏ, பாஸ் கிரேடு 5 என்று வையுங்கள். இரண்டரையை ஐந்தால் வகுத்தால் 0.5, மூன்று மடங்கு 1.5, ஒன்று கூட்டினால் 2.5. அதே 7.5க்கு பாஸ் கிரேடு 6 என்று எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 2.9 ஆகிவிடும், 4 என்றால் 2.25. நிறையப் படிப்புகளில் 2.5க்குள் இருந்தால்தான் உள்ளேயே விடுவார்கள், அப்படியிருக்க பாஸ் கிரேடு என்னவென்று தெரியாமல் அவர்களாக ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு கையெழுத்துக் கடிதத்துக்கு எக்ஸாம் செல் வாசலில் ரெண்டு மணி நேரம் நிற்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

இப்போது லிஸ்ட் போடலாம். டிஏஏடி என்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தளத்தில் படிப்புகளின் தேடல் இருக்கிறது, ஆங்கிலத்தில் நடத்தும் மாஸ்டர்ஸ் என்று வடிகட்டினால் நூற்றுக்கணக்கில் வரும். உலகத் தரவரிசை எல்லாம் இங்கே அவ்வளவு உதவாது, பார்க்க வேண்டியது கிரெடிட், அதாவது ஒரு படிப்பில் எவ்வளவு பாடச்சுமை என்று அளக்கிற புள்ளி. ஐரோப்பாவில் இளங்கலையும் முதுகலையும் சேர்ந்தால் 300 கிரெடிட் வர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நான்கு செமஸ்டர் மாஸ்டர்ஸ் 120 கிரெடிட், அதற்கு 180 கிரெடிட் இளங்கலை போதும். மூன்று செமஸ்டர் மாஸ்டர்ஸ் 90தான், அதனால் 210 கேட்பார்கள். ‘ஒன்றரை வருடத்தில் முடிந்துவிடுமே’ என்று ஆசைப்பட்டு மூன்று வருட பி.எஸ்சி. படித்தவர்கள் இதில்தான் போய் மாட்டுகிறார்கள். பி.எஸ்சி., பி.காம். என்றால் நான்கு செமஸ்டர் படிப்புகளை மட்டும் பாருங்கள், அதிலும் மூன்று வருட டிகிரியை ஏற்கிறார்களா என்று மெயில் போட்டுக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கிரெடிட்டுக்கு உள்ளேயும் ஒரு கணக்கு இருக்கிறது. கணிதத்தில் இத்தனை, புரோகிராமிங்கில் இத்தனை என்று துறை வாரியாகக் கேட்பார்கள். அதைப் படித்துவிட்டு நீங்கள் டிகிரியில் படித்த பாடங்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். மெக்கானிக்கல் படித்துவிட்டு டேட்டா சயின்ஸுக்குப் போடுகிற நண்பர்கள் ரிஜெக்ட் ஆவது பெரும்பாலும் இங்கேதான், மார்க்கினால் அல்ல. சிலபஸில் பெயர் ‘எம் 3’ என்று மொட்டையாக இருக்கும், அதற்குள் என்ன பாடம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு வரி விளக்கம் எழுதி ஒரு பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள், கேட்கவில்லை என்றாலும் வைத்திருங்கள்.

கட்டணம் பற்றி நம் ஊரில் பாதிச் செய்திதான் உலவுகிறது. அரசு யூனிவர்சிட்டிகளில் பெரும்பாலும் ட்யூஷன் ஃபீஸ் இல்லை, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகை மட்டும் கட்டுவீர்கள், அது உண்மை. ஆனால் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், அதாவது ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க் இருக்கிற பக்கம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்கள் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் டெக்னிகல் யூனிவர்சிட்டியும் 2024–25 குளிர்கால செமஸ்டரிலிருந்து வாங்குகிறது, மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. தனியார் யூனிவர்சிட்டிகள் தனி. ‘ஃப்ரீ கன்சல்டேஷன்’ என்று போர்டு போட்ட ஒரு கன்சல்டன்சியில் நான் போய் உட்கார்ந்தபோது என் மார்க் ஷீட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் ஃபீஸ் வாங்குகிற ஒரு தனியார் இடத்தின் பிரவுச்சரை நீட்டினார்கள், இரண்டு வாரத்தில் அட்மிஷன் என்றார்கள். கமிஷன் எங்கே இருந்து வருகிறது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. அரசு யூனிவர்சிட்டிக்கு நீங்களே போடலாம், இதில் ராக்கெட் சயின்ஸ் எதுவும் கிடையாது.

விண்ணப்பம் போடுவது இரண்டு விதம். சில யூனிவர்சிட்டிகள் நேராகத் தங்கள் தளத்திலேயே வாங்கிக்கொள்ளும். மற்றவை யூனி அசிஸ்ட் என்ற பொது அமைப்பு வழியாக. அங்கே ஒரு செமஸ்டருக்கு முதல் விண்ணப்பம் 75 யூரோ, அதன் பிறகு ஒவ்வொன்றும் 30 யூரோ. சில இடங்களுக்கு விபிடி என்று யூனி அசிஸ்ட்டிடம் ஒரு மதிப்பீட்டுத் தாளை மட்டும் வாங்கி, விண்ணப்பத்தை யூனிவர்சிட்டியில் நேராகப் போட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் விபிடி வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டவர்கள் உண்டு. பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஃபைலையே திறப்பார்கள், அதனால் கடைசி நாளுக்கு எட்டு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 என்பது பரவலாகத் தெரிந்த தேதி, ஆனால் நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மார்ச்சிலேயே மூடிவிடுகிற படிப்புகளும் நிறைய, மே மாதத்தில் மூடுபவையும் உண்டு. எக்செல் ஷீட்டை யூனிவர்சிட்டி பெயரால் அடுக்காமல் இந்தத் தேதியால் அடுக்குங்கள்.

ஐஇஎல்டிஎஸ் 6.5 இருந்தால் பெரும்பாலான கதவு திறக்கும், இரண்டு வருடம் செல்லும்.

எஸ்ஓபி, அதாவது இந்தப் படிப்பு எனக்கு ஏன் வேண்டும் என்று விளக்கும் கடிதம், அதை எழுதுவதில்தான் நம் ஆட்கள் ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள், அதுவும் தேவையில்லாத கஷ்டம். ‘சிறு வயது முதலே எனக்கு இயந்திரங்கள் மீது தீராத ஆர்வம்’ என்று தொடங்கும் கடிதத்தைப் படிக்கிற ப்ரொஃபசர் அன்றைக்கு மட்டும் அப்படி முப்பது படித்திருப்பார். என் ஜூனியர் ஒருத்தி கொண்டுவந்த முதல் டிராஃப்ட்டும் அப்படித்தான் இருந்தது. ‘ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல என்னம்மா பண்ண?’ என்று கேட்டேன். ‘ஒண்ணும் பெருசா இல்லண்ணா, மோட்டார் பம்ப் சூடாறதை சென்சார் வெச்சுப் பாத்தோம், ரெண்டு தடவை சென்சாரே கருகிருச்சு’ என்றாள். அதைத்தான் எழுதச் சொன்னேன். சென்சார் ஏன் கருகியது, மூன்றாவது தடவை என்ன மாற்றினாள், அதில் தெரியாமல் போன விஷயம் எது, அதைச் சொல்லித்தருகிற பாடம் அந்த மாஸ்டர்ஸில் எந்த செமஸ்டரில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. பாடத்தின் பெயரை அவர்களுடைய மாட்யூல் ஹேண்ட்புக்கில், அதாவது பாட விவரக் கையேட்டில், பார்த்து எழுதுங்கள், ஒரே கடிதத்தில் யூனிவர்சிட்டி பெயரை மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள், ஒரு இடத்தில் மாற்ற மறந்துவிடுவீர்கள், கண்டிப்பாக மறப்பீர்கள். ரெக்கமண்டேஷன் லெட்டருக்கு எச்ஓடியைவிட உங்களை உண்மையில் தெரிந்த சாரிடம் போங்கள், காலேஜ் மெயில் ஐடியிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள்.

அட்மிஷன் வந்துவிட்டது என்றால் அன்றைக்கே பிளாக்டு அக்கவுண்ட் வேலையைத் தொடங்குங்கள். ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும், போன பிறகு மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் தொகை, அவ்வப்போது ஏற்றுவார்கள், கட்டும் முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கல்விக் கடன் எடுக்கிறவர்கள் பேங்க் மேனேஜரிடம் ‘ஃபீஸே இல்லை, ஆனால் கடன் வேண்டும்’ என்று புரியவைப்பதற்கே இரண்டு வாரம் போகும், அதையும் கணக்கில் வையுங்கள். விசா விண்ணப்பத்தோடு அட்மிஷன் கடிதம், ஏபிஎஸ், பிளாக்டு அக்கவுண்ட் உறுதி, ஹெல்த் இன்ஷூரன்ஸ் எல்லாம் போக வேண்டும், கட்டணம் 75 யூரோ, சீசனில் காத்திருப்பு நீளம். படிக்கும்போது வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு, வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வரை அனுமதி உண்டு, ஆனால் முதல் மூன்று மாதம் வேலை கிடைக்கும் என்று எண்ணி பட்ஜெட் போடாதீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் அட்டைப்பெட்டி அடுக்கவே ஜெர்மன் கேட்பார்கள், அதனால் ஏபிஎஸ்ஸுக்குக் காத்திருக்கிற அந்த மாதங்களில் சென்னையில் இருக்கிறவர்கள் நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் ஏ1 என்கிற ஆரம்பநிலை ஜெர்மன் வகுப்பிலாவது சேர்ந்துவிடுங்கள்.

ஹாஸ்டல் அறைக்கு, அதாவது ஸ்டூடியரெண்டன்வெர்க் என்கிற மாணவர் சேவை அமைப்பு நடத்தும் விடுதிக்கு, அட்மிஷன் வந்த அன்றே பெயர் கொடுங்கள், விசா வரட்டும் என்று இருந்தால் வரிசையில் பின்னால் போய்விடுவீர்கள். அப்புறம் கிளம்புகிற அன்றைக்கு ஒரிஜினல் சர்டிஃபிகேட் ஃபைலை அம்மா பத்திரமாக இருக்கட்டும் என்று புளிக்காய்ச்சல் பாட்டிலோடு பெரிய பெட்டியில் வைப்பார்கள். எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், அங்கே போய்ச் சேர்க்கைக்கு நிற்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.