கல்லீரலுக்கு மூலிகைச் சாறு: எங்கே தவறுகிறோம்?

மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியைப் பிடுங்கி மோரில் அரைத்துக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். மூலிகைச் சாறு கல்லீரலை நச்சிலிருந்து காக்கிறது என்று சொல்லும் ஆய்வுகளும் ஏராளம். அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது செடியின் பெயரை அல்ல, சாறு கொடுத்த நேரத்தை. பல எலிச் சோதனைகளில் சாற்றைச் சில நாள் முன்பே கொடுத்துவிட்டு, பிறகுதான் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற ரசாயனத்தையோ அளவுக்கு மீறிய பாராசிட்டமாலையோ செலுத்துகிறார்கள். இவை இரண்டையும் கொடிய நச்சாக மாற்றுவது கல்லீரலின் சைட்டோகுரோம் பி450 நொதிகள். சாறு அந்த நொதிகளை மட்டுப்படுத்தினாலே போதும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு எலியின் ரத்தத்தில் ஏறாது. சிதைந்த கல்லீரலை அது சீராக்கியது என்று அதற்குப் பொருள் இல்லை. வீட்டிலோ நஞ்சு உள்ளே போன பிறகுதான் அம்மியைத் தேடுகிறோம்.

எலியைக் கொல்ல வைக்கும் பேஸ்ட் விஷயத்தில் இந்தத் தவறு உயிரையே எடுக்கும். அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் உள்ளே போனவர் முதல் நாள் லேசான வாந்தியோடு நன்றாக இருப்பதுபோலத் தெரியும். ஓரிரு நாள் கழித்துக் கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று சாறு கொடுத்துக் காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அளவுக்கு மீறிய பாராசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து உண்டு. 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் மிக அதிகம். அந்த நேரத்தைக் கஷாயத்தில் கரைக்கக் கூடாது.

அடுத்தது செடியை மாற்றிப் பறிப்பது. கீழாநெல்லிக்குக் காய் வழவழப்பாக, சிறு காம்போடு இலை வரிசையின் அடியில் தொங்கும். காய் சொரசொரப்பாக, காம்பின்றித் தண்டோடு ஒட்டியிருந்தால் அது வேறு இனம். கீழாநெல்லி என்று விற்ற தென்னிந்தியக் கடைச் சரக்குகளை மரபணு முறையில் சோதித்தபோது, ஏறக்குறைய கால்வாசியில் இருந்தவை அதே ஃபில்லாந்தஸ் குடும்பத்தின் வேறு இனங்கள்.

சரியான செடியே என்றாலும் கஷாயமும் ஆய்வுக்கூடச் சாறும் ஒன்றல்ல. கீழாநெல்லியில் உள்ள ஃபில்லாந்தின், நிலவேம்பில் உள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடு ஆகிய இரண்டு சத்துகளும் தண்ணீரில் சரியாகக் கரையாதவை, ஆல்கஹாலில் இறங்கும். ஆல்கஹால் சாற்றில் கண்ட பலனைக் கொதிநீரிடம் எதிர்பார்ப்பது கணக்குப் பிழை.

1988-ல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில் ஹெபடைடிஸ் பி கிருமி தங்கிவிட்டவர்களுக்கு வேர் நீக்கிய கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் 3 வேளை, 30 நாள் தரப்பட்டது. 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வேறு இடங்களில் பின்னர் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. ஹெபடைடிஸ் ஏ காமாலையோ பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். புகழ் மட்டும் கீழாநெல்லிக்கு.

'மூலிகைதானே' என்று மாதக்கணக்கில் குடிப்பதும் ஆபத்து. கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு வந்த கல்லீரல் அழற்சியை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை, செறிவான கிரீன் டீ மாத்திரை இரண்டுமே இந்த வகையில் பெயர் கெட்டவை. குழம்பில் போடும் மஞ்சள் தூளுக்கு இந்தப் பழி இல்லை.

காமாலையோடு அரிப்பும் வெளிறிய மலமும் இருந்தால் பித்தக் குழாய் அடைபட்டிருக்கலாம், முதலில் ஸ்கேன். தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், ரத்தக் கசிவு தெரிந்தால் அதற்குக்கூடக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். என்ன சாறு, எத்தனை நாள் குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மீதமிருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.