புல்லட் செயின் கேஸ் ஒழுகுகிறதா? பேஸ்ட் டியூபைத் திறக்குமுன்

"புல்லட்டுன்னா ஒழுகத்தான் செய்யுங்க." கோபியிலும் தாராபுரத்திலும் பொள்ளாச்சியிலும் பழைய வண்டி வைத்திருக்கிற எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. எங்கள் அப்பாரு ஓட்டின 350 இன்றும் தோட்டத்துச் சாளையில்தான் நிற்கிறது. அதற்கடியில் விரித்த செய்தித்தாளில் வாரம் போனாலும் ஒரு சொட்டு விழுவதில்லை. அந்த நிலைக்கு அதைக் கொண்டுவருவதற்குள் என்னென்ன செய்யக்கூடாது என்று நன்றாகவே படித்துக்கொண்டேன்.

இங்கே நான் பேசுவது பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் வண்டியைப் பற்றி. 1955-ல் மெட்ராஸில் தொடங்கிய அந்தப் பரம்பரை. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இடது பக்கம் முட்டை வடிவில் இருக்கிற மூடிதான் பிரைமரி செயின் கேஸ். நம் பட்டறைகளில் கிளட்ச் கவர் என்றும் சொல்வார்கள். இன்ஜின் சுழற்றும் கிராங்க் பல்சக்கரத்திலிருந்து கிளட்சுக்குப் போகும் இரட்டைச் செயின், கிளட்ச் தட்டுகள், மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் எல்லாம் அதற்குள்தான். வெளி மூடியைப் பிடித்திருப்பது நடுவிலுள்ள ஒரே ஒரு நட்டு. விளிம்பைச் சுற்றி வரிசையாக ஸ்க்ரூ எதுவும் கிடையாது. மூடிக்கும் உள் கவசத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம். பாதித் தவறுகள் இந்த ஒற்றை நட்டிலிருந்துதான் பிறக்கின்றன.

மூடி ஓரத்தில் ஈரம் தெரிந்ததும் ஸ்பேனரைப் போட்டு நட்டை இன்னும் அரைச் சுற்று முறுக்குவோம். அங்கே தொடங்குகிறது வம்பு. நடுவில் இழுக்க இழுக்க அலுமினிய மூடியின் வயிறு உள்ளே போகும், விளிம்பு வெளியே விரியும். இறுக்கியதற்கு மறுநாள் இன்னும் கூடுதலாக ஒழுகினால் ஆச்சரியப்பட வேண்டாம். ரப்பர் புதிதாகவும் விளிம்பு சமமாகவும் இருந்தால் மிதமான இறுக்கம் போதும். நட்டுக்கடியில் இருக்கும் வாஷரையும் பாருங்கள். அது நசுங்கிப் போயிருந்தால் எண்ணெய் நட்டு வழியாகவே வழிந்து மூடியின் அடிக்கு வரும், நாம் விளிம்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

ஆகவே, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். எண்ணெய் சொட்டுகிற இடம் ஒன்று, கசிகிற இடம் வேறொன்று. காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும், சரிவு கீழே இழுக்கும். பின் சக்கரச் செயினும் இந்த வண்டியில் இடது பக்கம்தான், கிளட்சுக்குப் பின்னால். செயினுக்குத் தாராளமாக எண்ணெய் விட்டிருந்தாலோ கியர் பாக்ஸ் கசிந்தாலோ, சொட்டு விழுவது ஏறக்குறைய அதே இடத்தில். ஆடிக் காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கம் ஓட்டினால் புழுதி ஒட்டி இன்ஜின் முழுக்க ஒரே கறுப்பாகிவிடும், அப்புறம் எதையும் பிரித்தறிய முடியாது. மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் இடது பக்கம் முழுவதையும் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். மேலே முகப் பவுடரைத் தூவுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிவிட்டு வந்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் ஊற்று.

அடுத்தது செயின் கேஸில் ஊற்றும் எண்ணெயின் அளவு. புத்தகத்தில் சுமார் 420 மில்லி என்றிருக்கும். அதைவிட, மட்டம் பார்ப்பதற்கென்றே இருக்கும் லெவல் ஸ்க்ரூவை நம்புவது நல்லது. வண்டி சென்டர் ஸ்டாண்டில் நேராக நிற்க வேண்டும், ஸ்க்ரூ ஓட்டையில் எண்ணெய் எட்டிப் பார்க்கும்போது ஊற்றுவதை நிறுத்த வேண்டும். சைடு ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தால் வண்டி இடது பக்கம் சாய்ந்து நிற்பதால் குறைவான எண்ணெயும் நிறைந்த மாதிரி காட்டும். இதற்கு நேர்மாறாக, "கிளட்சுக்கு நல்லது" என்று ஒரு கை கூடுதலாக ஊற்றுகிறவர்களும் உண்டு. மிஞ்சிய எண்ணெய் எப்படியும் ஒரு வழி கண்டுபிடித்து வெளியே வரும், அது ஒழுகலே இல்லை. காருக்கென்று விற்கிற, உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள ஆயிலையும் தொடாதீர்கள், கிளட்ச் நழுவும்.

இனி பேஸ்ட், அதாவது இடைவெளியை அடைக்கப் பூசும் பசை. சிலிக்கான் பேஸ்ட்டைப் பிதுக்கிப் பிதுக்கி ஒட்டின மூடிகளை நான் நிறையத் திறந்திருக்கிறேன். உள்பக்கம் வழிந்தது திரி திரியாகப் பிய்ந்து கிளட்ச் தட்டுகளுக்கு நடுவே கிடக்கும். அடுத்த முறை திறக்கிறவர் மூடி வராமல் ஸ்க்ரூ டிரைவரை விளிம்பில் செருகி நெம்புவார். அந்த ஒரு நெம்பலில் அலுமினியத்தில் விழும் பள்ளம் ஆயுளுக்கும் ஒழுகும். வரவில்லை என்றால் மரச் சுத்தியலாலோ ரப்பர் சுத்தியலாலோ சுற்றிலும் மெல்லத் தட்டுங்கள்.

எங்கள் வண்டிக்கு நேர்ந்தது வேறு. அழகாக இருக்கட்டும் என்று மூடியைக் கோவையில் ஒரு பட்டறையில் பஃபிங் போடக் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. ஆனால் பஃபிங் சக்கரம் விளிம்பின் கூர்மையையும் சேர்த்து உருட்டிவிட்டிருந்தது. புது ரப்பர் போட்டும் மூன்று மாதம் சொட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் கணபதிப் பகுதியில் லேத்து வேலை செய்யும் பெரியவர் ஒருவர் மூடியைத் தட்டையான இரும்புப் பலகையில் கவிழ்த்து, விளிம்பில் விரலை ஓட்டிவிட்டுச் சொன்னார்: "ஏந்தம்பி, இதுல எங்க உக்காரும் ரப்பரு?" பலகையில் மை தடவி மூடியைத் தேய்த்துக் காட்டினார். மை ஒட்டாத இடமெல்லாம் பள்ளம். வீட்டில் செய்வதென்றால் தடித்த கண்ணாடி மேல் நைஸ் எமரித் தாளை விரித்து, எண்ணெய் விட்டு, மூடியை எட்டு போடுகிற மாதிரி தேய்க்கலாம். அவசரப்பட்டு ஒரே பக்கம் அழுத்தினால் புதிதாக ஒரு சாய்வு உண்டாகும். பஃபிங் கொடுப்பவர்கள் விளிம்பைத் தொடவே கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.

ஆல்டர்னேட்டர் வயர் வெளியே வரும் ரப்பர் புஷ்ஷை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. வயர் உறைக்குள்ளேயே எண்ணெய் ஏறி, திரியில் விளக்கெண்ணெய் ஏறுவது போல் மெல்ல ஊர்ந்து, தூரத்தில் கனெக்ஷன் அருகே சொட்டும். பேஸ்ட் வேண்டியது இங்கேதான், அதுவும் பொட்டு அளவு, உள்பக்கம்.

வெளியே எல்லாம் சரி, ஆனாலும் ஒழுகுகிறது என்றால் காரணம் செயின் கேஸில் இல்லை, இன்ஜினில். கிராங்க் ஷாஃப்ட் செயின் கேஸுக்குள் வருகிற இடத்தில், எண்ணெய் தாண்டாமல் தடுக்கும் ஓர் ஆயில் சீல் இருக்கிறது. பிஸ்டன் இறங்கும்போது, கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அறையான கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் ஏறும். அதை வெளியேற்றத்தான் பிரீதர் குழாய். அதன் முனையில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர், காற்று வெளியே போகும்போது திறந்து, திரும்பும்போது மூடும். அது காய்ந்து இறுகினாலும், குழாய் அடைத்தாலும், பிஸ்டன் ரிங் தேய்ந்து மேலேயுள்ள அழுத்தம் கீழே கசிந்தாலும் அழுத்தம் போக்கிடமின்றி அந்தச் சீலைத் தள்ளும். இன்ஜின் ஆயில் செயின் கேஸுக்குள் சேரும், மட்டம் ஏறும், மூடி ஒழுகும். அடையாளம் எளிது: நீங்கள் ஊற்றாமலே லெவல் ஸ்க்ரூவைத் திறந்தால் எண்ணெய் கொட்டும், இன்ஜின் ஆயில் அளவு குறைந்திருக்கும். எங்கள் வண்டி ஒரு மழைக்காலம் முழுக்க நின்றபோது பிரீதர் குழாய் வாயில் குளவி மண் வைத்துவிட்டது. அதைக் குத்தி எடுத்ததில் பாதி ஒழுகல் நின்றது.

சீலை மாற்றும்போது அது உரசி நிற்கும் வளையத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவு பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் சீக்கிரமே கசியும், வளையத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். கிளட்சைக் கழற்றி உள்ளே போயிருக்கிற அதே நேரத்தில் உள் கவசத்தின் போல்ட்டுகளையும் அதன் பின்னால் உள்ள காகித பேக்கிங்கையும் பார்த்துவிடுங்கள். அதற்காக மட்டும் இன்னொரு முறை எல்லாவற்றையும் பிரிப்பது பெரிய வேலை. செயின் தொய்வு மேல்பக்கம் நடுவில் சுமார் 6 மி.மீ. இருக்கட்டும், அதுவும் செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் அளந்து. கம்பி போல் இறுக்கினால் பேரிங்கும் சீலும் சீக்கிரம் போகும்.

மூடியைக் கழற்றவே இடது ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் எடுத்திருப்பீர்கள். திரும்ப மாட்டியதும் பெடல் முன்பு நின்ற உயரத்தில் நிற்கிறதா, பின் சக்கரம் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றுகிறதா, மிதித்தால் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியைச் சாலைக்கு எடுக்க வேண்டும். பண்ணாரியிலிருந்து ஏறிவிட்டு, திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகளில் திரும்ப இறங்கும்போது எண்ணெய்ச் சொட்டைவிட அந்தப் பெடல்தான் முக்கியம்.