தண்ணீர் இல்லாமல் கார் கழுவும்போது பெயிண்டைக் கெடுக்கும் தவறுகள்

2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது, குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தோம். இப்படிப்பட்ட நாட்களில்தான், தண்ணீர் ஊற்றாமல் காரில் அடித்துத் துடைத்தெடுக்கும் வாட்டர்லெஸ் வாஷ் ஸ்ப்ரே பக்கம் நம் கவனம் திரும்புகிறது. உடனே ஒரு பயமும் வருகிறது: பெயிண்டில் கீறல் விழாதா?

மெல்லிய தூசி படிந்த காருக்கு, முறையாகச் செய்தால் பயமில்லை. எல்லா அழுக்குக்கும் இது சரிப்படாது, அவ்வளவுதான்.

காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று ஒரு நிறமற்ற பூச்சு இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அதன் கனம் சுமார் 50 மைக்ரான், தலைமுடியின் தடிமன்கூட இராது. தெருப்புழுதியில் இருக்கும் மணல் துகள் அதைவிடக் கடினமானது. துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் அந்தத் துகள் மாட்டி இழுபட்டால் கீறத்தான் செய்யும். கறுப்புக் கார் பானெட்டில் போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி நுண்கோடுகள் தெரியும். நல்ல ஸ்ப்ரேயில் உள்ள வழுக்கும் பொருட்கள் துகளைச் சூழ்ந்து, உராயாமல் துணிக்குள் ஏற உதவுகின்றன.

அதனால் முதல் தவறு, ஸ்ப்ரேயில் சிக்கனம் பிடிப்பது. கதவு, பானெட் போன்ற ஒவ்வொரு பேனலும் முழுக்க நனைய வேண்டும். அடித்த கையோடு துடைக்காமல் அரை நிமிடமாவது ஊற விடுங்கள். ஒரே நேரத்தில் ஒரு பேனல் போதும்.

பெரிய தவறு துணியில் நடக்கிறது. பழைய பனியன், வேட்டித் துணி எல்லாம் வேண்டாம். தடித்த மைக்ரோஃபைபர் துணிகள் ஆறேழு தேவை. ஒவ்வொன்றையும் நாலாக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். அழுத்தாமல், வட்டமாகத் தேய்க்காமல், ஒரே திசையில் ஓர் இழுப்பு. அப்புறம் பக்கத்தை மாற்றுங்கள். கூரையில் தொடங்கி, புழுதி அதிகமுள்ள கதவின் கீழ்ப்பகுதியைக் கடைசியில் தொடுங்கள். வீலுக்குத் தனித் துணி. கீழே விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி எடுக்காதீர்கள், மண் அதில் ஒட்டியே இருக்கும்.

அடுக்குமாடிகளில் தினமும் காலையில் ஒரே வாளி, ஒரே துணியில் பத்துக் கார் துடைக்கும் வழக்கத்தைத்தான் நான் மிகவும் எதிர்க்கிறேன். முந்தைய காரின் மண் அடுத்த காரில் ஏறுகிறது. வேலை செய்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு ஐந்தாறு நல்ல துணி வாங்கிக் கொடுத்து, வாரம் இரண்டு தடவை துடைத்தால் போதும் என்று சொல்லிவிடலாம். காய்ந்த தூசியை வெறும் துணியால் தட்டித் துடைப்பதும் இதே கேடுதான்.

சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் ஸ்ப்ரேயை எடுக்கவே எடுக்காதீர்கள். மழைக்குப் பின் மண் ரோட்டில் ஓடிய கார், கடற்கரை மணல் படிந்த கார் இரண்டுக்கும் முதலில் தண்ணீர் பாய்ச்சியே ஆக வேண்டும். நடுத்தர அழுக்கு என்றால் ரின்ஸ்லெஸ் வாஷ் நல்ல வழி: அதற்கென உள்ள திரவத்தை ஒரு வாளித் தண்ணீரில் பாட்டிலில் சொன்ன அளவு கலந்து, துணிகளை அதில் நனைத்துத் துடைப்பது. பிறகு அலசத் தேவையில்லை.

வெயிலில் நின்ற காரில் ஸ்ப்ரே அடித்தால் துடைப்பதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாகிவிடும். பானெட்டில் கை வைத்தால் சுடாத நேரமாகப் பாருங்கள். பறவை எச்சத்தைச் சுரண்டாமல், நனைத்த துணியைச் சில நிமிடம் அதன் மேல் போட்டு, இளகியதும் எடுங்கள். மண்ணெண்ணெய், டீசல், பாத்திரம் கழுவும் சோப்பு எதுவும் இந்த ஸ்ப்ரேக்கு மாற்று ஆகாது. பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் காராக இருந்தால், மேட் பெயிண்டுக்கு ஏற்றது என்று பாட்டிலில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். மற்றவை அங்கங்கே பளபளப்பை ஏற்றிவிடும், அதை எடுப்பது கடினம்.