ஆணி விற்ற கடைகள் நொடித்தது ஏன்?

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கிராமங்களில் துணி முதல் ஆணி வரை விற்ற பலசரக்குக் கடைகள் பல நொடித்துப்போயின. ஆபிரகாம் லிங்கனும் ஒருகாலத்தில் அப்படிக் கடை வைத்து நொடித்துப்போனவர்தான். இல்லினாய் மாநிலத்து நியூ சேலம் கிராமத்தில், 1832-33இல் வில்லியம் பெர்ரி என்பவரோடு கூட்டுச் சேர்ந்தார். கையில் ரொக்கம் இல்லாததால், கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தே மற்றவர்களின் சரக்கை வாங்கிப் போட்டார்கள். வியாபாரம் படுத்தது. 1835இல் பெர்ரி இறந்ததும் அவர் பங்குக் கடனும் சேர்ந்து ஏறக்குறைய 1,100 டாலர் லிங்கன் தலையில் விழுந்தது. நில அளவைக் கருவிகளும் குதிரையும் ஏலத்துக்குப் போயின. கூட்டாளி கட்டாவிட்டால் முழுக் கடனும் நம்முடையது என்பதை யோசிக்காமல் கையெழுத்துப் போட்டதுதான் அங்கே முதல் தவறு.

கடனுக்கு விற்றதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். 'கடன் அன்பை முறிக்கும்' என்று அட்டை மாட்டியிருந்தால் அந்தக் கடைகளில் ஈயாடியிருக்கும். விவசாயி கையில் காசு புரள்வதே அறுவடைக்குப் பிறகுதான். யாருக்கு எவ்வளவு வரை என்று வரம்பு வைக்காததும், அன்றன்றைய பற்றை அன்றே எழுதாததும்தான் ஆளைக் கவிழ்த்தன. கடைக்குச் சரக்குக் கொடுத்த நியூயார்க் மொத்த வியாபாரி தவணை முடிந்ததும் பணம் கேட்பார். வெள்ளாமை பொய்த்த வருடம் அவருக்குத் தெரியாது. 1837 பொருளாதார நெருக்கடியில் வாராக்கடனால் அடிபட்ட நியூயார்க் வியாபாரி லூயிஸ் டப்பன், கடைக்காரர்களின் நாணயத்தை விசாரித்துச் சொல்வதற்கென்றே 1841இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். குடிப்பாரா, சூதாடுவாரா என்பதுவரை பேரேட்டில் ஏறியது.

ரொக்கம் வந்தாலும் நிம்மதியில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு (1861-65) முன் நூற்றுக்கணக்கான வங்கிகள் தனித்தனியே நோட்டு அச்சடித்தன. தூரத்து வங்கி நோட்டை முழு மதிப்புக்கு வாங்கிக் கல்லாவில் போட்டால் நஷ்டம். கள்ள நோட்டு, திவாலான வங்கி விவரங்களோடு வந்த பட்டியல் இதழைப் புரட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த தவறு வெண்ணெய் விஷயம். பண்ணை வீட்டுப் பெண்கள் வெண்ணெயும் முட்டையும் கொடுத்துத் துணி, ஆணி, விளக்குத் திரி வாங்கினார்கள். ஒருத்தியின் வெண்ணெய் மணக்கும்; இன்னொருத்தியுடையதில் மோர் கசியும், மாட்டு மயிர் கிடக்கும். முகம் கோணினால் அந்தக் குடும்பமே போட்டிக் கடைக்குப் போய்விடும் என்று பயந்து எல்லாருக்கும் ஒரே விலை போட்டார் கடைக்காரர். நல்ல வெண்ணெய்க்காரி நகரத்தில் தனக்கென வாடிக்கை பிடித்துக்கொண்டாள். சிக்கடித்தது மட்டும் கடையில் சேர்ந்து, கடைசியில் மசகுக்கொழுப்பு விலைக்குப் போனது.

1859இல் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டியபின் மண்ணெண்ணெய் பீப்பாய் எல்லாக் கடைக்கும் வந்தது. அதை மாவு, பிஸ்கட் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் உருட்டி வைத்தவர்கள் வாசனையாலேயே வாடிக்கையை இழந்தார்கள்.

கொள்முதலில் கண் திறந்திருக்க வேண்டும். இல்லினாயின் டீகால்ப் ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஐசக் எல்வுட், விவசாயிகள் வேலிக்குத் திண்டாடுவதைக் கவனித்தவர். 1874இல் ஜோசப் கிளிடன் என்ற விவசாயியின் முள்கம்பிக் காப்புரிமையில் பாதியை வாங்கிப் பெரும் பணக்காரரானார். அதற்கு இரண்டு வருடம் முன்பே சிகாகோவில் மான்ட்கோமரி வார்ட் விலை அச்சிட்ட பட்டியலைத் தபாலில் அனுப்பத் தொடங்கியிருந்தார். சாமானில் ரகசிய எழுத்தில் விலை குறித்துவைத்து, ஆளுக்கொரு விலை சொன்ன கடைக்காரரிடம் விவசாயி இப்போது அந்தப் பட்டியலோடு வந்து நின்றார்.