மொட்டைமாடியில் ஒரு நாற்றுக்கோலம்

வாசல் கோலம் சாயங்காலத்துக்குள் கலைந்துவிடும். புள்ளி இருக்கும் இடத்தில் செடி வைத்தால் அதே கோலம் மாதக்கணக்கில் வளரும். சென்னையில் எங்கள் மொட்டைமாடியில் பத்துக்குப் பத்தடி இடத்தில் இதைப் போட்டேன். ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடம் வேண்டும்.

முதலில் புள்ளி. 5 புள்ளி, 1 வரை நேர்ப்புள்ளி: 1, 3, 5, 3, 1. ஆக 13 புள்ளி, புள்ளிக்கு ஒரு செடிப்பை. சாக்பீஸால் இரண்டடிக்கு ஒரு புள்ளி வையுங்கள். நடுவில் தக்காளி, அதை ஒட்டிய நான்கில் கத்தரி, மீதி எட்டில் மிளகாய். வளர்ந்ததும் கோபுரம் மாதிரி நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்து நிற்கும்.

அப்புறம் நாற்று. மூன்றையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். மிளகாய் நாற்றுக்குச் சுமார் 40 நாள், கத்தரிக்கு 30, தக்காளிக்கு 25. ஆடியில் நட வேண்டுமானால் ஆனி தொடக்கத்திலேயே மிளகாய் விதைத்துவிட வேண்டும். குழித்தட்டில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் போதும். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். அதிலுள்ள உப்பு இளம் நாற்றுக்கு ஆகாது. கால் அங்குல ஆழத்தில் விதைத்துப் பூவாளியால் நீர் தெளியுங்கள். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து வெயிலுக்குப் பழக்குங்கள். இதை விட்டுவிட்டால் நட்ட மறுநாளே நாற்று துவண்டுவிடும்.

பைகளில் செம்மண், நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் மூன்றும் சம அளவு. அடியில் செங்கல் கொடுங்கள், தண்ணீர் வடியட்டும்.

நடவு மாலையில்தான். தக்காளியை மட்டும் கீழ் இலைகளைக் கிள்ளி ஆழமாக நடலாம். மண்ணுக்குள் போன தண்டும் வேர் விடும். மற்ற இரண்டும் தட்டில் இருந்த ஆழத்திலேயே இருக்கட்டும். தக்காளிக்கு அன்றே ஒரு குச்சி ஊன்றிவிடுங்கள்.

இனி கோடு. பைகளைச் சுற்றி நான் முதலில் அரிசிமாவில்தான் வளைத்தேன். வாசலில் அது எறும்புக்கு உணவு, நல்ல வழக்கம். ஆனால் மாடியில் மாவுக்கு வந்த எறும்பு செடியிலும் ஏறியது. செடியின் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அந்தப் பூச்சியைக் காவல் காக்கும். இரண்டு கத்தரிச் செடிகள் போயின. எனவே இங்கே கல்மாவுதான் சரி.

வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். நான் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து எடுக்கிறேன். காய்க்கத் தொடங்கியதும் கோலத்தின் நான்கு முனைச் செடிகளில் மட்டும் மிளகாயைப் பழுக்க விடுங்கள். மற்ற நான்கில் பச்சையாகவே பறியுங்கள். மேலிருந்து பார்த்தால் முனைகளில் காவி இட்டது போலத் தெரியும்.